கால் பதிக்கும் நாள்



இன்று கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் ஒரு சிறு பகுதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நிரந்தர வசிப்புரிமைக்கு, அதாவது நாம் 'பி.ஆர்.' என்று சொல்கிறோமே அதற்கு, ஒப்புதல் கிடைத்த ஒருவர் எந்தத் தேதிக்குள் அந்த நாட்டில் கால் வைக்க வேண்டும், வைத்த பிறகு எவ்வளவு காலம் வெளியே இருக்கலாம் என்பதுதான் பொருள். தேதிகளையும் நாள்கணக்கையும் பற்றிய பேச்சு. ஆனால் இந்தத் தேதிகளுக்கு நடுவில்தான் கல்யாணங்கள் நடக்கின்றன, குழந்தைகள் பிறக்கின்றன, அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. அதனால் இதை வெறும் விதிமுறையாக என்னால் பார்க்க முடியவில்லை.

நம் வீடுகளில் கொண்டாடப்படுவது பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வரும் நாள். சட்டத்தின் கண்ணில் அந்த நாளுக்குப் பெரிய மதிப்பு இல்லை. அன்றைக்கு நீங்கள் இன்னும் வெளிநாட்டவர்தான். விசாவோடு வரும் நிரந்தர வசிப்பு உறுதிப் பத்திரத்தை 'சி.ஓ.பி.ஆர்.' என்கிறார்கள். எல்லையில் குடிவரவு அதிகாரி உங்களை விசாரித்து அதில் கையெழுத்து வாங்கும் நிமிடத்தில்தான் நீங்கள் நிரந்தர வசிப்பாளர் ஆகிறீர்கள். அங்குள்ள தமிழர்கள் இதை 'லேண்டிங்' என்கிறார்கள். 'அவருக்கு லாண்டட் கிடைச்சிட்டுது' என்று ஸ்கார்பரோவில் ஈழத்தமிழர் சொல்வதும் இதைத்தான். அந்த நாளுக்கு முன்பு கனடாவின் சட்டம் இரும்பாக இருக்கிறது. பின்பு பெரும்பாலும் தாராளமாக இருக்கிறது. நம்மவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. லேண்டிங்குக்குப் பிறகு வரும் நாள்கணக்குக்கு அஞ்சி நடுங்குபவர்கள், அதற்கு முந்தைய இடைவெளியை அலட்சியமாகக் கடக்கிறார்கள்.

முதலில், பத்திரத்தில் அச்சாகியிருக்கும் கடைசித் தேதி. அதிகாரி நினைத்த தேதி அல்ல அது. விண்ணப்பதாரர் செய்துகொள்ளும் மருத்துவப் பரிசோதனை வழக்கமாகப் 12 மாதங்களுக்குச் செல்லும். அது முடியும் நாள், பாஸ்போர்ட் காலாவதியாகும் நாள் இரண்டில் எது முந்துகிறதோ அதுவே பெரும்பாலும் பத்திரத்தின் கடைசி நாளாகிறது. கோப்பு அலுவலகத்தில் எட்டு மாதம் கிடந்தால் அந்த எட்டு மாதமும் உங்கள் கணக்கில்தான் கழியும். ஒருவருக்குப் பத்து மாத அவகாசமும் அவருடைய நண்பருக்கு ஆறு வார அவகாசமும் கிடைப்பதன் காரணம் இதுதான். இந்தத் தேதியைச் சாதாரணக் காலங்களில் நீட்டித்துத் தரமாட்டார்கள். தவறவிட்டால் புது விண்ணப்பம், புதுக் கட்டணம், மறுபடியும் வரிசையின் கடைசி. ஆகவே 'ஆடி போகட்டும், ஆவணியில் பார்க்கலாம்' என்று சொல்வதற்கு முன் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் முடியப்போகிறது என்றால் விண்ணப்பத்தின் தொடக்கத்திலேயே புதுப்பித்துவிடுங்கள். பாதி அவசரம் அதிலேயே தீர்ந்துவிடும்.

இந்தத் தேதி எவ்வளவு கொடியதாக மாறக்கூடும் என்பதை 2020 காட்டியது. பெருந்தொற்றின்போது அந்த ஆண்டு மார்ச் 18ஆம் தேதியைக் கனடா ஒரு கோடாகக் கிழித்தது. அன்றோ அதற்கு முன்போ நிரந்தர வசிப்புக்கு ஒப்புதல் பெற்றவர்களுக்குப் பயணத் தடையிலிருந்து விலக்கு கிடைத்தது. மறுநாள் பெற்றவர்களுக்கு இல்லை. வேலையை விட்டவர்களும், வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டு மாமனார் வீட்டு மாடியில் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தவர்களும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். கையில் இருந்த பத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாயின. 2021 ஜூன் 21 அன்றுதான் செல்லுபடியாகும் பத்திரம் வைத்திருக்கும் எல்லோரும் வரலாம் என்று அறிவித்தார்கள். அப்போதும் இந்தியாவிலிருந்து செல்பவர்களுக்கு விடிவு இல்லை. அந்த ஏப்ரல் 22 முதல் இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களை நிறுத்தியிருந்தார்கள். செப்டம்பர் கடைசியில்தான் மீண்டும் அனுமதித்தார்கள். அதுவரை மூன்றாவது ஒரு நாட்டில் இறங்கி, அங்கே கொரோனா பரிசோதனை செய்துகொண்டு, அதன் பிறகுதான் போக வேண்டியிருந்தது. அரசுக்கு அன்று வேறு வழி இருந்ததா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் வாக்குக் கொடுத்துவிட்ட மனிதர்களை ஒரு தேதியின் இரு பக்கங்களாகப் பிரித்தது நியாயமில்லை என்றே இன்றும் கருதுகிறேன்.

இப்போது எல்லைக்கு வருவோம். டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் இறங்கியதும் உங்களைக் குடிவரவுப் பகுதிக்கு அனுப்புவார்கள். விசாரணை சில நிமிடங்களில் முடிந்துவிடும். குற்றவழக்கு உண்டா, எந்த நாடாவது உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறதா, குடும்பத்தை நடத்தப் பணம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இவற்றோடு இன்னொரு கேள்வியும் உண்டு: விண்ணப்பத்தில் சொன்னதற்குப் பிறகு உங்கள் திருமண நிலையில், குடும்பத்தில் மாற்றம் ஏதாவது நடந்திருக்கிறதா? இன்று நான் பேச வந்ததில் மிக முக்கியமானது இந்தக் கேள்வி.

ஓர் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். 'திருமணமாகாதவர்' என்று விண்ணப்பித்தார். விசா வந்தது. வந்த செய்தி ஊரில் பரவியதும் நல்ல இடத்தில் பெண் அமைகிறது. பையன் போனால் எப்போது திரும்புவானோ என்று பெண்வீட்டாருக்குப் பயம். நிச்சயதார்த்தத்தோடு நிறுத்தாமல் கோயிலில் தாலியைக் கட்டிவிடுகிறார்கள். பெரிய கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு. பையன் விமானம் ஏறுகிறான். அதிகாரி கேட்கிறார். ஏஜெண்ட் சொல்லிக்கொடுத்தபடி, 'மாற்றம் ஒன்றும் இல்லை' என்று கையெழுத்திடுகிறான்.

அந்தக் கையெழுத்தோடு அவன் மனைவி, குடும்பத்தாரை ஸ்பான்சர் செய்து அழைக்கும் கனடாவின் 'குடும்ப வகை'க்கு வெளியே போய்விடுகிறாள். குடிவரவு, அகதிப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளில் 117(9)(டி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒருவர் நிரந்தர வசிப்பாளர் ஆனபோது, அவரோடு வராத குடும்ப உறுப்பினரை அதிகாரிகள் பரிசோதிக்காமல் விட்டிருந்தால், அந்த உறுப்பினரைப் பிற்பாடு அவர் குடும்ப வகையில் ஸ்பான்சர் செய்ய முடியாது. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்ற வரையறை இதற்கு இல்லை. அவர் கனடியக் குடிமகனே ஆனாலும் இந்தத் தடை அப்படியே நிற்கும். போதாததற்கு, உண்மையை மறைத்ததற்காக அவருடைய வசிப்புரிமையே கேள்விக்குள்ளாகலாம். அப்படிப் பறிபோனால் ஐந்து ஆண்டுகள் கனடாவுக்குள் நுழையத் தடையும் சேர்ந்து வரும்.

'கல்யாணத்தைப் பதிவு செய்யவே இல்லையே' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சமாதானம் செல்லாது. இந்து திருமணச் சட்டத்தில் 1967இல் நம் சட்டமன்றம் கொண்டுவந்த திருத்தம், 7ஏ பிரிவு, சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தது. உற்றார், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ அது திருமணம்தான். புரோகிதர் வேண்டியதில்லை. பதிவுச் சான்றிதழ் இல்லை என்பதால் நடந்த திருமணம் இல்லாமல் போய்விடாது. இந்தச் சீர்திருத்தத்தைப் பெருமையோடு சொல்கிறவன் நான். அதனாலேயே அதன் விளைவையும் சொல்லியாக வேண்டும். இங்கே சட்டப்படி செல்லும் திருமணத்தைக் கனடாவும் திருமணமாகவே கொள்ளும். இதற்கு நேர்மாறாக, விசா வேலைக்காக முதலில் யாருக்கும் சொல்லாமல் 'ரிஜிஸ்டர் மேரேஜ்' செய்துவிட்டு, முகூர்த்தத்தைப் பிறகு வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கும் பதிவான அந்த நாளே திருமண நாள். நிச்சயதார்த்தம் மட்டும் நடந்திருந்தால் அது திருமணம் ஆகாது. அதைப் பற்றிக் கலங்க வேண்டாம்.

வழி இரண்டு இருக்கின்றன, இரண்டும் நேர்மையானவை. ஒன்று, திருமணமாகாதவராகவே போய் இறங்கி, லேண்டிங்கை முடித்து, ஊருக்குத் திரும்பி வந்து தாலி கட்டி, மனைவியை முறைப்படி ஸ்பான்சர் செய்வது. மற்றொன்று, திருமணம் ஆகிவிட்டால் விமானம் ஏறாமல் உடனே விசா அலுவலகத்துக்கு எழுதிப்போட்டு, மனைவியையும் விண்ணப்பத்தில் சேர்ப்பது. அவருக்கும் மருத்துவப் பரிசோதனை, காவல்துறைச் சான்றிதழ் எல்லாம் ஆகும். மாதங்கள் கழியும். பத்திரமும் புதிதாக வர வேண்டியிருக்கும். இந்தத் தாமதம் கசப்பானதுதான், ஆனால் இதில் யாரும் எதையும் இழப்பதில்லை.

குழந்தை விஷயத்திலும் இதே கண்டிப்பு. விசா வந்த பிறகு, புறப்படும் முன் பிறந்த குழந்தையைத் தெரிவித்தே ஆக வேண்டும். அதற்கும் தனி விசா வேண்டும். பாட்டியிடம் விட்டுவிட்டுப் போய்ப் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று, சொல்லாமல் போனால் அந்தப் பச்சைக் குழந்தையும் 117(9)(டி)யின் கீழ் வந்துவிடும். வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறொரு கண்ணி இருக்கிறது. 22 வயதுக்குட்பட்ட பிள்ளையின் வயது, விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளோடு பூட்டப்படுகிறது. பிறகு வயது ஏறினாலும் பாதகமில்லை. திருமண நிலை அப்படிப் பூட்டப்படுவதில்லை. இடையில் மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டால், 'சார்ந்திருக்கும் பிள்ளை' என்ற தகுதி அன்றோடு போய்விடும்.

இந்தப் பிரிவை நீதிமன்றங்கள் தளர்த்தவில்லை. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒரு தாய், வரும்போது தன் மகன்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருந்தார். பல ஆண்டுகள் கழித்து அவர்களை அழைக்க முயன்றபோது, விதி செல்லும் என்று கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. 2008இல் வந்த இன்னொரு தீர்ப்பு எனக்கு இன்னும் வேதனை தருவது. தனக்கு ஒரு குழந்தை பிறந்திருப்பதே தெரியாமல் இறங்கிய தகப்பனுக்கும் அந்த விதி பொருந்தும் என்றது அது. மறைக்கும் எண்ணம் இருந்ததா என்று விதி கேட்பதே இல்லை. பரிசோதனை நடந்ததா இல்லையா என்பதோடு நின்றுவிடுகிறது. மனிதாபிமான அடிப்படையில் தனியாக விண்ணப்பிக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அங்கே கேட்பது உரிமையை அல்ல, கருணையை.

2019 செப்டம்பரில் கனடா அரசு ஒரு தற்காலிகச் சலுகையைக் கொண்டுவந்தது. அகதிகளாக ஏற்கப்பட்டவர்களும், துணைவராகவோ பிள்ளையாகவோ ஸ்பான்சர் செய்யப்பட்டு வந்தவர்களும், விட்டுப்போன உறவை அழைக்கலாம். அன்றே உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவர்களின் தகுதி கெட்டிருக்காது என்பது நிபந்தனை. நல்ல மாற்றம்தான், நான் வரவேற்கிறேன். ஆனால் நம் பிள்ளைகளில் மிகப் பலர் போவது படிப்பையும் வேலைத்திறனையும் மதிப்பிடும் வழியில். அந்த வழியில் போனவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. மறைத்ததால் லாபம் அடையாத எவருக்கும் இந்தத் தடை கூடாது என்று விதியையே திருத்த வேண்டும். கணவன் பொய் சொன்னான் என்பதற்காக மனைவியை ஆயுள் முழுவதும் பிரித்துவைப்பது எந்த நீதியிலும் சேராது.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் தேதிகளின் தன்மை நாட்டுக்கு நாடு எவ்வளவு மாறுகிறது என்று விளங்கும். அங்கே குடியேற்ற விசா அதிகபட்சம் ஆறு மாதம் செல்லும். வேலை வழியில் விசா பெற்றவர் நுழைவதற்கு முன்பு திருமணம் செய்துகொண்டால், அந்த மனைவி அவரைப் பின்தொடர்ந்து வரும் தகுதியைப் பெறுகிறார். நுழைந்த பிறகு செய்துகொண்டால் புது மனு போட்டுக் காத்திருக்க வேண்டும். அதே அமெரிக்காவில், 'திருமணமாகாத மகன்' என்ற வகையில் விசா வாங்கியவர் நுழையும் முன் தாலி கட்டினால் அவருடைய விசாவே செல்லாது. அதனால் அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் சொன்னதைக் கேட்டுக் கனடா போகும் தம்பி நடக்கக் கூடாது.

கனடாவுக்குக் குடும்பமாகப் போகிறவர்களில் முதன்மை விண்ணப்பதாரர் முன்னதாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோதான் இறங்க வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் முந்தக் கூடாது. பின்னால் வருபவர்களும் தங்கள் பத்திரத்தின் தேதிக்குள் வந்துவிட வேண்டும். பிள்ளைக்குத் தேர்வு முடியட்டும் என்று நிறுத்திவைக்கும்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாமான்கள் பற்றி ஒரு வார்த்தை. இறங்கும் நாளில், கூட எடுத்து வந்தவை ஒரு பட்டியலும், பிறகு வரப்போகிறவை ஒரு பட்டியலும் சுங்க அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். நகைகளைப் படம் எடுத்து, மதிப்பீட்டுச் சீட்டோடு முதல் நாளே பட்டியலில் எழுதிவிடுங்கள். அம்மாவின் அட்டிகையை மூன்று ஆண்டு கழித்துக் கொண்டுபோகும்போது அந்தத் தாள் உதவும். 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ பணம் கொண்டுபோனால் அறிவித்துவிட வேண்டும். அதற்கு வரி இல்லை. அறிவிக்காவிட்டால் பறிமுதல் உண்டு.

இனி, இறங்கிய பிறகு. இங்கே சட்டத்தின் முகமே மாறிவிடுகிறது.

1976ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், 12 மாதத்தில் 183 நாளுக்கு மேல் வெளியே இருந்தவர் கனடாவைக் கைவிட்டவராகக் கருதப்பட்டார். கைவிடும் எண்ணம் இல்லை என்று அவர்தான் அதிகாரியை நம்பவைக்க வேண்டும். ஒருவருடைய மனத்தை அதிகாரி எப்படி அளப்பார்? வங்கிக் கணக்கையும், வீட்டு வாடகைச் சீட்டையும், பேச்சில் தெரிந்த தடுமாற்றத்தையும் வைத்துத்தான். 2002 ஜூன் 28 அன்று நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அதை எளிய கணக்காக மாற்றியது: ஒவ்வொரு ஐந்து ஆண்டிலும் 730 நாள் கனடாவில் இருந்தால் போதும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஐந்தில் மூன்று ஆண்டு வெளியே இருக்க இடம் கொடுக்கும் இந்தப் பிரிவை, குடியேறுபவரின் வாழ்க்கையைப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட நல்ல சட்டம் என்று சொல்வேன்.

'சாஃப்ட் லேண்டிங்' என்று நம்மவர்கள் செய்வதற்கு இடமளிப்பதும் இதே பிரிவுதான். துபாயிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர் தேதிக்குள் குடும்பத்தோடு போய் இறங்கிவிட்டு, இரண்டு வாரத்தில் திரும்பிவிடுகிறார். இது குற்றமல்ல. ஆனால் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஐந்தாண்டுக் கணக்கு இறங்கிய நாளிலிருந்து ஓடத் தொடங்கும், பி.ஆர். கார்டு அச்சான நாளிலிருந்து அல்ல. பி.ஆர். கார்டு கனடிய முகவரிக்குத்தான் தபாலில் வரும். 180 நாளுக்குள் முகவரி கொடுக்காவிட்டால் கட்டணம் கட்டித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கார்டு இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அப்போது வெளிநாட்டிலிருந்தே பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்கலாம். கார்டு காலாவதியானால் வசிப்புரிமை போய்விட்டது என்று பலர் கலங்குகிறார்கள். போகாது. கார்டு பயணத்துக்கான சான்று மட்டுமே. சட்டப்படி இறுதி முடிவு எடுக்கப்படும்வரை உரிமை உங்களுடையது.

730 நாளுக்குக் குறைந்தாலும் எல்லையிலேயே உங்களைத் திருப்பி அனுப்பிவிட முடியாது. அதிகாரி அறிக்கை எழுதலாம், வெளியேற்ற ஆணை வரலாம். அதை எதிர்த்துக் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக 30 நாள் உண்டு. வெளிநாட்டில் பயண ஆவணம் மறுக்கப்பட்டால் 60 நாள். அதற்கு முந்தைய 365 நாளில் ஒருமுறையாவது கனடாவில் இருந்திருந்தால், மேல்முறையீட்டு விசாரணைக்கு வர ஆவணம் கொடுத்தாக வேண்டும். ஆனால் அறிக்கை எழுதப்பட்ட பிறகு அங்கே கழிக்கும் நாள்கள் 730இல் சேராது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இறங்கி ஐந்து ஆண்டு முடிந்துவிட்டால், சட்டம் பார்ப்பது அதிகாரி விசாரிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டை மட்டுமே. இருபது ஆண்டு அங்கே உழைத்து வரி கட்டியவர் என்றாலும், கடைசி நான்கு ஆண்டு ஊரில் இருந்தால் அந்த இருபதில் ஓர் ஆண்டு மட்டுமே கணக்கில் வரும்.

வெளியே இருக்கும் நாள்களும் சிலருக்குக் கணக்கில் சேரும். கனடியக் குடிமகனான கணவரோடோ மனைவியோடோ வெளிநாட்டில் வாழும் நாள்கள் சேரும். கனடிய நிறுவனம் முழுநேரப் பணிக்காக வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்த நாள்களும் சேரும். 'நான் கனடா கம்பெனிக்குச் சென்னையிலிருந்தே வேலை செய்கிறேன்' என்பது மட்டும் போதாது. தற்காலிகமாக அனுப்பப்பட்டவர், முடிந்ததும் அந்த நிறுவனத்தின் கனடியப் பணிக்குத் திரும்பப் போகிறவர் என்று காட்ட வேண்டும் என்பதே நீதிமன்றத்தின் நிலை.

கடைசியாக, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, உங்களைப் பற்றி. 730 நாளைத் தவறவிடுபவர்களில் ஏமாற்றுக்காரர்கள் குறைவு. அம்மாவுக்குப் பக்கவாதம் என்று ஓடிவந்து, இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். மனிதாபிமானக் காரணங்களையும், பாதிக்கப்படும் குழந்தையின் நலனையும் பார்க்கும்படி 28ஆம் பிரிவே சொல்கிறது. ஏன் போனார், முடிந்ததும் உடனே திரும்ப முயன்றாரா என்று அந்த மேல்முறையீட்டில் கேட்பார்கள். மருத்துவமனை ரசீதுகளையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் தேதிவாரியாக எடுத்து வையுங்கள்.

மகன் ஸ்பான்சர் செய்து பி.ஆர். வாங்கிய பெற்றோரின் பாடு வேறு. அங்கே குளிர் ஒத்துக்கொள்ளாது, இங்கே வயலும் கோயிலும் சொந்தபந்தமும் இருக்கும். நாள்கணக்குக்காக மட்டும் எழுபது வயதில் போய்வந்துகொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது சூப்பர் விசா. 2011இல் தொடங்கிய இந்த விசா பத்து ஆண்டு வரை செல்லும். 2022 ஜூலை முதல் ஒரே தடவையில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். மகனுக்குக் குறிப்பிட்ட வருமானமும், உங்களுக்குக் குறைந்தது 100,000 கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். வசிப்புரிமையை நீங்களாகவே எழுதிக்கொடுத்துத் துறந்துவிட்டு இதற்கு விண்ணப்பிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அரசு தரும் மருத்துவ வசதி போய்விடும். அதை மகனோடு உட்கார்ந்து யோசித்துக்கொள்ளுங்கள். மற்றபடி பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போய் ஆறு மாதம் இருந்தாலும், பனி பிடிக்காமல் மூன்றாம் வாரமே திரும்பினாலும், 730 என்ற எண் உங்களைத் தொடராது.